நாற்பத்து மூன்று கைகள்

கருணாகரன் மலாக்கா நகராண்மையில் தண்ணீர் மீட்டர் பார்ப்பவர். திங்கள் முதல் சனி மதியம் வரை காஜா பேராங் தெருக்களில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார். வீட்டு வாசல்களில் குந்தி உட்கார்ந்து, இரும்பு மூடியைத் தூக்கி, எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதுவார். ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தமிழ்ச் சபையில் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்ததும் ஆள் மாறிவிடுவார். அடுத்த இரண்டு மணி நேரம் அவர் விரல் அசையாமல் சபையில் யாரும் வாய் திறக்க முடியாது. இருபத்தொரு வருஷமாக அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் மற்ற நாட்களில் மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

அந்தச் சபை நன்றாகப் பாடும் என்று ஊரில் பெயர். பொய். இருநூறு பேரில் ஒருவருக்கும் சுருதி நிற்காது. முதல் சரணத்தை ஐந்து கட்டையில் எடுத்தால் இரண்டாவதில் நாலரைக்குச் சரிவார்கள், நான்காவதில் நாலுக்கு வந்து விழுவார்கள். எல்லோருக்கும் முந்திச் சரிபவர் போதகராக இருப்பார். கருணாகரன் சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவில், அவர்கள் மூச்சு வாங்கும் நேரத்தில், விரல்களை அரைக் கட்டை கீழே இறக்கிவிடுவார். யாருக்கும் தெரியாது. தாங்கள் தொடங்கிய இடத்திலேயே நிற்பதாக நினைத்துப் பாடி முடித்து, திருப்தியோடு உட்காருவார்கள். வந்து போன மூன்று போதகர்களும் தங்கள் சபையின் இசையைப் பற்றி மேலிடத்துக்குப் பெருமையாக எழுதினார்கள். மூன்று பேரும் மடையர்கள் என்பது கருணாகரனின் முடிவு. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய எதையும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் உபதேசியாராக இருந்தவர். உபதேசியார் என்றால் போதகர் செய்ய வேண்டிய வேலைகளைச் சைக்கிளில் போய்ச் செய்கிறவர். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் ஜெபம் சொல்வார். வேதம் வாசிக்கத் தெரியாத பால்மரத் தொழிலாளிகளுக்கு வரி வரியாகப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பார். காலரா வந்தால் குழி வெட்டவும் கூட நிற்பார். இருபத்தொன்பது வருஷம் அப்படி ஓடினார். கடைசிவரை போதகர் அங்கி அவருக்குத் தரப்படவில்லை. அவர் அடக்கத்துக்கு அப்போதைய போதகர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். தோட்டத் துரை வீட்டில் தேநீர். வந்தவர் கல்லறையில் நின்று, ‘நல்லது, உத்தமமும் உண்மையுமுள்ள ஊழியக்காரனே’ என்று தொடங்கியபோது செத்தவரின் பெயர் மறந்துபோய்ப் பக்கத்தில் நின்ற கருணாகரனிடம் கேட்டார். கருணாகரன் பணிவாகச் சொன்னார். அப்பா விட்டுப்போனது இரண்டு ஸ்வரம் ஊமையாகிப்போன ஓர் ஆர்மோனியப் பெட்டி. அதைக் கழற்றி, மாட்டி, காதால் கேட்டே வாசிக்கக் கற்றுக்கொண்டு, அதோடு அவர் டவுனுக்கு வந்தார்.

மலாயாவுக்குச் சுதந்திரம், மலாய்ச் சொல்லில் மெர்டேகா, வருகிறது என்று நிச்சயமானதும் வெள்ளைக்காரர்கள் சாமான் கட்டத் தொடங்கினார்கள். கப்பலில் ஏற்ற முடியாததை எல்லாம் உள்ளூர்க்காரர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். தமிழ்ச் சபைக்குக் கிடைத்தது ஒரு கால் ஆர்கன். இரண்டு பெடல், மேலே கண்ணாடி, இரண்டு பக்கமும் மெழுகுவத்தி வைக்கப் பித்தளைத் தண்டு. சபைச் செயலாளர் தம்பிராஜா அதைத் தடவிப் பார்த்தார். ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்தார். தோட்டத்திலிருந்து வந்த கிறிஸ்தவர்களையும் கடவுள்தான் படைத்தார் என்பதை அவர் கொள்கையளவில் ஒப்புக்கொள்வார்.

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே போனதும் கருணாகரனைக் கூப்பிட்டார்.

“இனி இது சுதந்திர நாடு, காணும். இந்த ஆர்மோனியத்தோட இன்னும் எத்தனை காலத்துக்கு இருக்கிறது?”

“சொல்லுங்க சார்.”

“உமக்கு நோட் வாசிக்கத் தெரியாது தானே?”

“காதுல கேட்டா வாசிப்பேன் சார்.”

“அது கிளிக்கும் வரும். என்ர பிள்ளை கோகிலா ஆறாம் கிரேட் பாஸ் பண்ணினவள். மெர்டேகா ஸ்தோத்திர ஆராதனையில ஆர்கனைத் திறக்கப் போறம். அந்த நாள் தொடக்கம் அவள் வாசிக்கட்டும். நீர் களைச்சுப் போனீர். ஓய்வெடும்.”

வெள்ளைக்காரன் விட்டுப்போன பெட்டியில் வெள்ளைக்காரன் எழுதிய நோட்டைப் பார்த்து வாசிப்பதுதான் சுதந்திரம் என்பது கருணாகரனுக்கு அன்றுதான் தெரிந்தது. “சரிங்க சார்” என்றார். வீட்டுக்கு வந்து சாப்பாட்டைத் தொடவில்லை. மூடியைத் தூக்குவது மட்டுமே இனி வாழ்க்கை.

அந்தச் சமயத்தில்தான் புதிய போதகர் சாமுவேல் மாணிக்கவாசகத்துக்குத் தரிசனம் கிடைத்தது.

அவர் திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நாற்பது வயது, உருண்ட முகம், உருண்ட குரல். தண்ணீர் வேண்டும் என்றால்கூட ‘தாகம் தணிக்கச் சற்றே நீர் கிடைக்குமோ’ என்பார். சபையார் பேசும் தமிழில் பாதி அவருக்குப் புரியாது. அவர் பேசும் தமிழில் பாதி சபையாருக்குப் புரியாது. இரு தரப்பும் மரியாதை காரணமாக அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

கருணாகரன் குடியிருந்தது காஜா பேராங்கில், செட்டிகளின் குடியிருப்பான செட்டிக் கம்பத்தில், பொன்னம்மாவின் வீட்டுப் பின்கட்டில். மலாக்காச் செட்டிகள் பல நூறு வருஷத்துக்கு முன் கப்பலேறி வந்தவர்களின் வம்சம். கோயில் உண்டு, விபூதி உண்டு, பொங்கல் உண்டு. பெண்கள் சாரோங்கும் கெபாயாவும் உடுத்துவார்கள். தமிழ் மட்டும் எந்தத் தலைமுறையிலோ நின்றுவிட்டது. வீட்டிலும் தெருவிலும் சண்டையிலும் மலாய்தான். மலாக்காவில் இது தெரியாதவர் கிடையாது.

போதகர் கருணாகரனைப் பார்க்க ஒரு மாலை அங்கே வந்தார். வழியில் மாரியம்மன் கோயிலைப் பார்த்தார். நெற்றியில் விபூதியோடு போன பெரியவரைப் பார்த்தார். முற்றத்தில் நின்றவளின் பெயரைக் கேட்டார். ‘பொன்னம்மா’ என்றார் கருணாகரன். போதகருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இத்தனை தமிழர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். இவர்களுக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வெட்கமாக இல்லையா உங்களுக்கு?”

“ஐயா, இவங்க பேச்சு கொஞ்சம் வேற மாதிரி.”

“உங்கள் பேச்சுக்கூடத்தான் எனக்கு வேறு மாதிரி இருக்கிறது. எல்லாம் மலாய் கலந்த கூழ். சுத்தமான தமிழ் ஒருமுறை காதில் விழட்டும், உருகிப்போவார்கள்.”

“அதுக்கில்லைங்க ஐயா…”

“நான்கு மாலை. இந்த முற்றத்தில் கதாகாலட்சேபம். நான் பாடிப் பேசுகிறேன், நீங்கள் வாசியுங்கள். பத்துக் குடும்பம் மனந்திரும்பினால் போதும்.” போதகர் குரலைத் தாழ்த்தினார். “தம்பிராஜா உங்களிடம் சொன்னதை நான் அறிவேன். இந்த ஊழியம் பலன் கொடுத்தால் ஆர்கன் இருக்கட்டும் ஒரு மூலையில். உங்கள் இடத்தில் வேறொருவரை நான் உட்காரவிட மாட்டேன்.”

கருணாகரன் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

அவர் மனைவி எப்சிபா அடுப்படியில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“வாயில என்ன கொழுக்கட்டையா? அவங்களுக்குத் தமிழ் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியாதா?”

“சொல்ல வந்தேன்.”

“வந்தீங்க, அப்புறம் போயிட்டீங்க. இந்த ஊர்ல கோழிக்குக்கூடத் தெரியும் அது.”

“கோழி கமிட்டில இல்லையே.”

“இருந்தா நல்லா இருந்திருக்கும். சூசாவை, தொல்லையை விலை கொடுத்து வாங்குறீங்க. நான் சொல்லிட்டேன்.”

கமிட்டி கூடியது. போதகர் தன் தரிசனத்தை விவரித்தார். மேசையைச் சுற்றி உட்கார்ந்த ஒன்பது பேரும் மலாக்காவில் பிறந்தவர்கள் அல்லது முப்பது வருஷம் வாழ்ந்தவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. போதகர் குழியில் விழுந்தால் அடுத்த கப்பலில் அனுப்பிவிடலாம் என்று தம்பிராஜா எண்ணினார். மற்றவர்கள் தம்பிராஜாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தங்களுக்கேன் வம்பு என்று இருந்தார்கள். பொருளாளர் தூங்கிக்கொண்டிருந்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஆகஸ்டு மாதம், ஐந்தரை மணி, வெயில் இறங்கிய நேரம். பொன்னம்மாவின் முற்றத்தில் பாய் விரித்தார்கள். முதல் நாள் இருபது பேர் வருவார்களா என்று கருணாகரனுக்குச் சந்தேகம். அறுபது பேர் வந்தார்கள். ஆண்கள் வெள்ளைச் சட்டையும் சாரோங்குமாக ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். பெண்கள் கொண்டை ஊசி மின்ன மறுபக்கம் உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு தட்டில் பலகாரம் வேறு.

போதகர் கெட்ட குமாரன் கதையை எடுத்தார். சொத்தைப் பிரித்துக் கேட்ட மகன், தூர தேசம், பஞ்சம், பன்றித் தவிடு. இடையிடையே பாட்டு. அவர் அரைக் கட்டை இறங்கினார், கருணாகரனும் இறங்கினார். முற்றத்தில் ஒருவர் அசையவில்லை. ஒருவர் கொட்டாவி விடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, முதுகு வளையாமல், கண் எடுக்காமல் கேட்டார்கள்.

அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அவர்கள் கோயில் குருக்கள் இந்தியாவிலிருந்து வந்தவர். அவர் ஓதுவது அவர்களுக்குப் புரியாது. திருவிழாவில் பாடப்படுவதும் புரியாது. புரிய வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்த்ததும் இல்லை. தமிழ் என்பது புரியாமல், ஆனால் சரியாக உட்கார்ந்து கேட்க வேண்டிய ஒன்று என்று பிள்ளைப் பருவத்திலேயே படிந்துபோன பழக்கம். பாதியில் எழுந்து போவது தெய்வக் குற்றம், பேசுகிறவர் யாராக இருந்தாலும். திருநெல்வேலியில் எந்தக் கூட்டமும் மாணிக்கவாசகத்துக்கு இத்தனை மரியாதை கொடுத்ததில்லை.

தகப்பன் ஓடிப்போய் மகனைக் கட்டிக்கொள்ளும் இடத்தில் போதகர் அழுதார். அது அவர் வழக்கம். பெரிய மனிதர் ஒருவர் அத்தனை பேர் முன்னால் கண்ணீர் விடுவதைப் பார்த்துப் பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். “பார்த்தீர்களா?” என்று போதகர் கருணாகரனின் காதில் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு பொன்னம்மா பாயைச் சுருட்டியபடி, தம்பிக்கு அடிக், அத்தைக்கு மக்சிக், ஐயாவுக்குத் துவான் என்னும் மலாயில் கேட்டாள்:

“அடிக், அந்த துவான் வீட்டில் யார் செத்தது?”

“யாரும் சாகவில்லை மக்சிக். கதையில் ஓடிப்போன மகன் வீட்டுக்குத் திரும்பி வருகிறான்.”

“வந்துவிட்டானே. பிறகு ஏன் அழுதார்?”

அவள் சுருட்டிய பாயைச் சுவரில் சாய்த்தாள். “பாட்டு நன்றாக இருக்கிறது. நாளைக்கும் வரச் சொல்.”

நான்காம் நாள் கடைசி நாள். அறுவடை என்று போதகர் அதற்குப் பெயர் வைத்திருந்தார். பேசி முடித்து, வியர்வையைத் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் விரித்தார். “இந்த மாலையில் தங்கள் இருதயத்தை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் வலது கரத்தை உயர்த்துங்கள்.”

ஒரு கையும் உயரவில்லை. போதகர் மறுபடியும் சொன்னார். கைகள் கட்டியபடியே இருந்தன. மூன்றாம் முறையும் சொன்னார். கண்ணைத் திறந்து கருணாகரனைப் பார்த்தார்.

கருணாகரனுக்கு வரப்போகும் ஞாயிற்றுக்கிழமை கண் முன்னால் தெரிந்தது. அவர் இடத்தில் கோகிலா. அவர் பின்வரிசையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்களைப் போல வாயைத் திறந்து மூடிக்கொண்டு.

“வெக்கப்படுறாங்க ஐயா. நான் அவங்க பேச்சில சொல்லிப் பார்க்கிறேன்.”

எழுந்து நின்று மலாயில் கேட்டார்: “இன்னும் ஒரு நாள் பாட்டு வேண்டுமா? வேண்டும் என்கிறவர்கள் வலது கையைத் தூக்குங்கள்.”

பொன்னம்மாவின் கை முதலில் உயர்ந்தது. அப்புறம் முற்றம் முழுக்கக் கை. ஒரு கிழவர் இரண்டு கையையும் தூக்கினார். போதகர் விரல் நீட்டி எண்ணினார். நாற்பத்து மூன்று. கிழவரை எத்தனை என்று எண்ணினார் என்பது தெரியவில்லை. மண்டியிட்டு ஸ்தோத்திரம் சொன்னார். எழுந்து கருணாகரனைக் கட்டிக்கொண்டார். பவுடர் வாசனை அடித்தது.

நாற்பத்து மூன்று ஆத்துமா என்ற செய்தி அன்றைக்கே மேலிடத்துக்குத் தந்தியாகப் போனது. கமிட்டியில் போதகர் அதை வாசித்தபோது தம்பிராஜா கருணாகரனை நீண்ட நேரம் பார்த்தார். ‘காஜா பேராங் செட்டிகளா, தமிழ்ப் பிரசங்கம் கேட்டா’ என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்டால், முன்பே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். கேட்கவில்லை. ஆர்கனைத் திறப்பது தள்ளிவைக்கப்பட்டது. மெர்டேகா ஆராதனையில் கருணாகரன்தான் வாசிப்பார், மனந்திரும்பியவர்கள் முன்வரிசையில் உட்காருவார்கள், வட்டார மேற்பார்வையாளர் வந்து அவர்களை வரவேற்பார் என்று முடிவானது.

அழைக்கப் போனபோது கருணாகரன் பொன்னம்மாவிடம் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஞாயிறு காலை, எங்கள் ஜெப வீட்டில், பாட்டு இருக்கிறது, வாருங்கள். மெர்டேகாவுக்கு அண்டை வீட்டார் கூப்பிடுகிறார்கள், போகாமல் இருப்பது முறையில்லை என்று அவள் கம்பம் முழுக்கச் சொன்னாள்.

செப்டம்பர் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை. முந்திய நாள்தான் நாடு சுதந்திரம் பெற்றிருந்தது. சபை வாசலில் புதுக் கொடி கட்டியிருந்தார்கள். செட்டிகள் நடந்தே வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டார்கள். உள்ளே சபையார் பூட்ஸ் காலோடு உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் கையில் தட்டுகள்: வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள் பூசிய தேங்காய். நல்ல காரியம் நடக்கும் வீட்டுக்குக் கொண்டுபோகும் வரிசை அது. பொன்னம்மா தேங்காய்த் தட்டைப் பலிபீட மேசையில், சிலுவைக்குப் பக்கத்தில், இடம் பார்த்து வைத்தாள்.

“உது என்ன?” என்றார் தம்பிராஜா பல்லைக் கடித்துக்கொண்டு.

“விக்கிரகங்களுக்குக் கொடுத்ததை ஆண்டவருக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்” என்றார் போதகர். அவர் முகம் பிரகாசித்தது.

மேற்பார்வையாளர் வெள்ளைக்காரர், தலை நரைத்தவர். டிசம்பரில் ஊருக்குக் கிளம்புகிறார். இருபத்தாறு வருஷ மலாயா வாழ்க்கையில் தமிழில் ‘ஸ்தோத்திரம்’, ‘உட்காருங்கள்’ என்ற இரண்டு வார்த்தைகள் கற்றிருந்தார். மலாய் மட்டும் பாசாரில் மீன்காரியோடு பேரம் பேசும் அளவுக்கு வரும். கருணாகரன் இதை நினைத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் என்ன செய்திருப்பார் என்று சொல்ல முடியாது.

பாட்டு முடிந்தது. எகிப்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலை பெற்றதைப் பற்றிப் போதகர் முக்கால் மணி நேரம் பேசினார். செங்கடலைப் பிளந்தது யார், பிரிட்டிஷ்காரனா மோசேயா என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. பிறகு செட்டிகளை எழுந்து நிற்கச் சொன்னார். கருணாகரன் கை காட்ட, எழுந்து நின்றார்கள். மேற்பார்வையாளர் இறங்கி வந்து, முன்னால் நின்ற பொன்னம்மாவைப் பார்த்துச் சிரித்து, மலாயில் கேட்டார்:

“நீங்கள் எல்லோரும் எதற்காக இங்கே வந்திருக்கிறீர்கள்?”

தன் பாஷை பேசும் துவான் கிடைத்ததில் பொன்னம்மாவுக்குச் சந்தோஷம். குரலை உயர்த்தியே சொன்னாள்.

“பாட்டுக் கேட்க, துவான். எங்கள் முற்றத்தில் நாலு நாள் பாடினார்கள். இன்னும் வேண்டுமா என்று இந்த அடிக் கேட்டான். வேண்டும் என்று கையைத் தூக்கினோம். மெர்டேகாவும் வந்ததா, தட்டு எடுத்துக்கொண்டு வந்தோம். பாட்டு முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா?”

சபையில் விசிறிகள் நின்றன. இருநூறு பேருக்கும் மலாய் தெரியும். ஒரே ஒருவருக்குத்தான் தெரியாது. அவர் ஆவலோடு ஆர்மோனியத்தின் பக்கம் திரும்பினார்.

“என்ன சொல்கிறார்கள், கருணாகரன்? சபைக்கு எடுத்துச் சொல்லுங்கள்.”

உண்மையைச் சொல்ல இருபத்தொரு வருஷத்தில் அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த உண்மை. வாயைத் திறந்தால் போதும். கருணாகரன் ஆர்மோனியத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“சங்கீதத்தின் மூலமா வந்தோம்னு சொல்றாங்க ஐயா.”

போதகர் அதை ஆங்கிலத்தில் மேற்பார்வையாளருக்கு முழங்கினார். வெள்ளைக்காரர் கருணாகரனைப் பார்த்தார். தேங்காயைப் பார்த்தார். ஊருக்குக் கிளம்ப இன்னும் மூன்று மாதம், எழுத வேண்டியது ஒரே ஒரு வருஷ அறிக்கை. “ஆமென்” என்றார். சபையும் ஆமென் என்றது. அத்தனை கனமான ஆமென் அந்தக் கூரையின் கீழ் அதுவரை கேட்டதில்லை. தங்கள் போதகரை மாட்டிவிட ஒருவருக்கும் தைரியம் இல்லை. அதைத்தான் அங்கே ஐக்கியம் என்று சொல்வார்கள்.

தம்பிராஜா எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“பேச அனுமதிக்க வேணும். இந்த ஜனங்கள் சங்கீதத்தால வந்தவை எண்டு இப்ப எங்கட கருணாகரன் தன்ர வாயாலயே சாட்சி சொல்லிப்போட்டார். சங்கீதத்தால வந்தவையைச் சங்கீதத்தாலதான் காப்பாற்ற வேணும். ஆனபடியால் கருணாகரனை காஜா பேராங்குக்குச் சங்கீத ஊழியராக இந்தச் சபை பிரதிஷ்டை பண்ணி அனுப்ப வேணும் எண்டு முன்மொழியிறன். ஞாயிறுதோறும் காலை எட்டிலிருந்து பத்து வரை. ஆர்மோனியத்தையும் அவரோடயே அனுப்புவம். இங்க ஆர்கன் இருக்குத் தானே.”

“கர்த்தருடைய சத்தம்” என்றார் போதகர். “அங்கீகரிக்கிறவர்கள் கரத்தை உயர்த்துங்கள்.”

சபை முழுவதும் கை உயர்ந்தது. என்ன நடக்கிறது என்று புரியாவிட்டாலும் எல்லோரும் தூக்குவதைப் பார்த்துச் செட்டிகளும் தூக்கினார்கள். பின்வரிசையில் எப்சிபா மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு புருஷனையே பார்த்தாள். மேற்பார்வையாளர் கருணாகரனின் பக்கம் திரும்பினார். போதகரும் திரும்பினார். கருணாகரன் தன் கையைத் தூக்கினார்.

அந்த வாரமே ஆர்மோனியத்தைத் மூன்று சக்கரத் திரிஷா வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். சால்வை ஒன்று போர்த்தினார்கள். அப்பா இருபத்தொன்பது வருஷம் காத்திருந்தும் கிடைக்காத பிரதிஷ்டை மகனுக்குக் கால் மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. அதைச் சொல்லிப் போதகர் அவரைத் தேற்றவும் செய்தார்.

அடுத்த ஞாயிறு எட்டு மணிக்குக் கருணாகரன் முற்றத்தில் பாய் விரித்துப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எப்சிபா சபைக்குப் போகப் புடவை மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

“நான் போயிட்டு வரேன். நீங்க ஊழியத்தைப் பாருங்க.”

“நீ மட்டும் ஏன் போற?”

“எனக்கென்ன, நான் எதுக்கும் கை தூக்கலையே.”

அவள் போய்விட்டாள். முற்றத்துக்கு யாரும் வரவில்லை. ஞாயிறு காலை பாசாருக்குப் போகும் நேரம். எட்டரைக்குப் பொன்னம்மா கூடையோடு திரும்பி வந்தாள். அவரைப் பார்த்து நின்றாள்.

“இன்றைக்கு ஞாயிறுதானே. ஜெப வீட்டுக்குப் போகவில்லையா?”

கருணாகரன் சொன்னார். தம்பிராஜா, ஆர்கன், போதகரின் பேரம், நான்காம் நாள் போதகர் கேட்டது என்ன, தான் கேட்டது என்ன, அத்தனையும். ஒருவரிடம் முழுதாக அவர் எதையும் சொன்னது அதுதான் முதல் தடவை. மலாயில் சொன்னது ஒரு வசதியாக இருந்தது.

பொன்னம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அப்படியானால் எங்கள் கை அவரிடம் வேறு என்னவோ சொல்லியிருக்கிறது.”

“ஆமாம் மக்சிக்.”

“உனக்கு அந்த இடம் போய்விடும் என்றுதானே?”

“ஆமாம்.”

“அதைச் சொல்லிக் கேட்டிருக்கலாமே. எங்கள் வீட்டில் ஒன்பது வருஷமாக இருக்கிறாய். உனக்காக என்றால் நாங்களே சபைக்கு வந்து அந்தத் தம்பிராஜாவிடம் பேசியிருப்போம். தட்டோடு வந்திருப்போம். நீ எங்களைக் கேட்கவில்லை. எங்கள் கையை மட்டும் கேட்டாய்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். மீட்டர் மூடிக்குப் பக்கத்தில் குந்தியிருக்கும் ஆளை ஊரார் பார்க்கும் பார்வை அல்ல அது. அதைவிடக் கீழே இருந்தது. கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மீன் செதில் உரசும் சத்தம் கேட்டது.

எட்டு மணியிலிருந்து பத்து மணிவரை ஐந்து பாட்டு வாசிக்க வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதியிருந்தார்கள். கருணாகரன் துருத்தியைத் திறந்து முதல் பாட்டைத் தொடங்கினார்.